பொது இடத்திற்கு வருவோரைக் காக்கும் கடமை

ஊருக்குப் பொதுவான இடம் என்றால் அதற்கு உடையவர் எவருமில்லை என்று எண்ணுவது நம் மக்களிடையே நெடுநாளாக வேரூன்றிய வழக்கமாகும். பஸ் நிலையத்திலோ, சந்தைத் திடலிலோ, ஏரிக்கரைப் பாதையிலோ ஒரு குற்றம் நிகழ்ந்துவிட்டால், குற்றவாளியைப் பிடிப்பது போலீஸாரின் வேலை என்பதோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது. அந்த இடம் எவருடைய பொறுப்பில் உள்ளது, அங்கே விளக்கு எரியாமற் போனது ஏன், ஆபத்து உண்டென்று முன்பே அறிந்தவர் என்ன செய்தார் என்னும் கேள்விகள் எழுவதில்லை. ஆனால் சட்டம் இக்கேள்விகளை எழுப்புகிறது. அவற்றிற்கு விடை காண்பது பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோருக்கும் பொதுமக்களுக்கும் ஒருங்கே பயன் தரும்.

நெசவாளர் ஊரில் இதன் முக்கியத்துவம்

திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த பெரணமல்லூரை எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டுக்குப் பெயர் பெற்ற வட்டாரம் இது. பேரூராட்சியாக விளங்கும் இவ்வூரே, சுற்றியுள்ள ஊராட்சிகளைக் கொண்ட ஒன்றியத்திற்கும் தலைமையிடம். பட்டு நெசவு வீட்டிற்குள் நடைபெறும் தொழிலெனினும் அது வீட்டோடு முடிவதன்று. பாவும் ஊடையும் சரிகையும் வெளியிலிருந்து வர வேண்டும். நெய்து முடித்த சேலை வெளியே செல்ல வேண்டும். சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலிப் பணத்தோடும் புதிய பாவோடும் மாலை பஸ்ஸில் திரும்பும் நெசவாளியின் பையில் பல நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. ஆணாயினும் பெண்ணாயினும், பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேரும் வரை அவர் நடப்பது பொது இடத்தில்தான். கல்லூரி சென்று திரும்பும் பெண்களின் நிலையும் இதுவே. அவ்விடம் இருண்டும் புதர் மண்டியும் கிடக்குமானால், அச்சத்தின் காரணமாகவே பெண்கள் வேலையையும் படிப்பையும் கைவிட நேரும். பொது இடத்தின் பாதுகாப்பு கிராம முன்னேற்றத்தின் ஓர் அங்கம் என்பது இதனால் விளங்கும்.

கடமையின் அடிப்படை

தன் இடத்திற்கு முறையாக வருவோருக்குத் தீங்கு நேராதபடி நியாயமான கவனம் செலுத்த வேண்டியது இடத்தை ஆள்பவரின் கடமை என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து நாம் பெற்ற கொள்கை. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு இது தனிச் சட்டமாகவே வகுக்கப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. எனினும் நீதிமன்றத் தீர்ப்புகளும், உயிர் வாழும் உரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவும் இக்கடமைக்கு உயிரூட்டியுள்ளன. மேலும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, குடியிருப்புப் பகுதிகளிலுள்ள பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு வசதி செய்வதை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆகவே, தெருவிளக்கு ஊராட்சி விரும்பினால் வழங்கும் சலுகையன்று.

இடிந்து விழும் சுவரால் வரும் தீங்கு வேறு, வேறொருவன் வேண்டுமென்றே செய்யும் குற்றத்தால் வரும் தீங்கு வேறு. பின்னதற்கு இடத்தின் உடையவர் எவ்வாறு பொறுப்பாவார்? மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் இது தெளிவாகும். ஆபத்தை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தாரா, அல்லது அறிந்திருக்க வேண்டுமா? அதைத் தடுக்கும் வழி அவர் கையில் இருந்ததா? இருந்தும் செய்யாமல் விட்டாரா?

தென்காசி வழக்கு

நம் மாநிலத்திலேயே எழுந்த வழக்கொன்று இவ்விஷயத்தில் வழிகாட்டியாக அமைந்தது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கென அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், இரவு 11 மணியளவில் தென்காசிப் பஸ் நிலையத்தில், கணவருடன் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணியிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். துறை விசாரணையிலோ பணிநீக்கம் செய்யப்பட்டார். உயர் நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. 2012 நவம்பர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் உறுதி செய்தது.

பெண்களைப் பொது இடங்களில் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், நாடு முழுமைக்கும் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. பஸ் நிலையம், ரயில் நிலையம், பூங்கா, வழிபாட்டுத் தலம் முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்த வேண்டும். தக்க இடங்களில் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்த வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் வைக்க வேண்டும். இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. கல்வி நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள், திரையரங்குகள், பஸ் நிலையங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் தங்கள் எல்லைக்குள் இத்தகைய கொடுமை நிகழாமல் தடுக்க ஆவன செய்ய வேண்டும். புகார் வந்தால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸாரின் கடமை ஒருபுறமிருக்க, இடத்தின் பொறுப்பாளருக்கும் தனிக் கடமை உண்டு என்பதே இதன் சாரம்.

ஹௌராவில் நிகழ்ந்த கொடுமை

1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வங்காள தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, ரயில் ஏறுவதற்காக ஹௌரா நிலையத்தில் காத்திருந்தார். உதவி செய்வதாகக் கூறியவர்களை நம்பிய அவர், ரயில்வேக்குச் சொந்தமான பயணியர் விடுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றம் புரிந்தோருள் ரயில்வே ஊழியரும் இருந்தனர். அது தனி மனிதர்கள் செய்த குற்றம், அதற்கு ரயில்வே பொறுப்பாகாது என்று வாதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, கல்கத்தா உயர் நீதிமன்றம் விதித்த 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈட்டை உறுதி செய்தது. உயிர் வாழும் உரிமை அயல்நாட்டாருக்கும் உண்டு என்றும் கூறியது. அரசுக்குரிய விடுதியில், அரசின் ஊழியராலேயே தீங்கு நேரும்போது பொறுப்பு மேலும் வலுப்பெறுகிறது.

புதரும் பொறுப்பும்

குற்றவாளி முற்றிலும் அயலானாக இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பொதுக் கல்லூரி ஒன்றில் 1978ஆம் ஆண்டு இது நிகழ்ந்தது. வாகனம் நிறுத்துமிடத்தின் படிக்கட்டில் ஏறிய மாணவியை, அடர்ந்த செடிகளின் மறைவிலிருந்து ஒருவன் பாய்ந்து தாக்கினான். முன்னரும் அப்பகுதியில் இத்தகைய தாக்குதல்கள் நடந்ததைக் கல்லூரி நிர்வாகம் அறிந்திருந்தும் மாணவர்களை எச்சரிக்கவில்லை என்பது மாணவியின் வழக்கு. போதிய போலீஸ் காவல் அளிக்கவில்லை என்பதற்காகப் பொது நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர அங்குள்ள சட்டம் இடந்தரவில்லை. ஆயினும் செடிகளை வெட்டாததற்கும், அறிந்த ஆபத்தை எடுத்துரைக்காததற்கும் வழக்குத் தொடரலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது.

அயல்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் நமக்கும் பொருந்தும். பாதையோரச் சீமைக் கருவேலம் புதரை வெட்டுவதற்குப் போலீஸ் அதிகாரம் தேவையில்லை. அரிவாளும் இரண்டு ஆட்களும் போதும்.

கடமையின் எல்லை

நிற்க, உடையவர் எல்லாக் குற்றங்களுக்கும் ஜாமீன் நிற்பவர் அல்லர். ராஜ்கோட்டில் 1975ஆம் ஆண்டு அலுவலகத்திற்கு நடந்து சென்ற ஒருவர் மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். 1997இல் உச்ச நீதிமன்றம் நகராட்சியைப் பொறுப்பாக்க மறுத்துவிட்டது. முன்னறிய இயலாத தீங்கிற்குப் பொது நிறுவனத்தைக் குறை கூறுதல் முறையன்று என்பதே அதன் கருத்து. ஆகவே, உடையவர் அறிந்திருந்தார் என்பதே இவ்வழக்குகளின் உயிர்நாடி எனலாம்.

நிதியில்லை என்ற சமாதானமோ எடுபடாது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையால் அவதியுற்ற மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டபோது நகராட்சி பணமின்மையைக் காரணம் காட்டியது. 1980ஆம் ஆண்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, சட்டம் விதித்த கடமையிலிருந்து வறுமையைக் காட்டித் தப்ப முடியாது என்று தெளிவாக்கியது. அது சுகாதாரம் பற்றிய வழக்கெனினும் தெருவிளக்குக்கும் அதன் நியாயம் ஏற்றதே.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, எழுதிக் கொடுத்தல். திண்ணையில் பேசிய குறை காற்றோடு போய்விடும். எரியாத விளக்குக் கம்பத்தின் எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கி வைத்தல் வேண்டும். அன்று முதல் ஆபத்தை அறியோம் என்று நிர்வாகம் கூற இயலாது.

இரண்டாவது, தீர்மானம். ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சிகளில் பகுதி சபை உண்டு. எந்தப் பாதையில் நடக்க அஞ்சுகிறோம் என்பதைப் பெண்களே அங்கு எழுந்து கூறுவார்களாயின், எந்த இடத்தை முதலில் செப்பனிடுவது என்பது தானே விளங்கும்.

மூன்றாவது, மேல் முறையீடு. பொதுத் தொல்லையை அகற்றுமாறு உத்தரவிட நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ரத்லம் மக்கள் சென்ற வழி இதுவே.

நான்காவது, குற்றம் நிகழ்ந்துவிட்டால் தயங்காமை. மகளிர் உதவிக்கு 181 என்ற எண் உள்ளது. எல்லையைக் காரணங்காட்டிப் போலீஸ் நிலையம் புகாரைத் திருப்பியனுப்பக் கூடாது. குற்றவாளி அகப்படாவிடினும், பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கோரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். மாதம் ஒருமுறை இருட்டிய பின் பஸ் நிலையத்திலிருந்து கடைசித் தெரு வரை நடந்து பாருங்கள். எங்கே விளக்கில்லை, எங்கே புதர் மறைக்கிறது, எந்தக் கழிப்பிடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பவற்றைப் பதிவேட்டில் குறித்து, சரி செய்த நாளையும் எதிரே எழுதுங்கள். வழக்கு வந்தால் அப்பதிவேடு உங்களைக் காக்கும். வழக்கே வராதபடி, கூலிப் பணத்தோடு திரும்பும் நெசவாளியையும் புத்தகப் பையோடு திரும்பும் மாணவியையும் அது காக்கும் என்பதே அதனினும் பெரிய பயன்.