பெடலுக்குள் சத்தம் போவதில்லை
நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆடியில் சேலத்து மாரியம்மன் கோயில்கள், மற்ற மாதங்களில் நாமக்கல் பக்கத்து ஊர்த் திருவிழாக்கள் என்று நம் இன்னிசைக் குழுக்களுக்கு மேடை கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மேடைகளில் கீபோர்டுக்காரரின் காலடியில் கிடக்கும் எக்ஸ்பிரஷன் பெடலைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். வாங்கிய வேகத்தில் "இது சரியில்லைங்க" என்று மூட்டை கட்டிப் பரண்மேல் போடப்படும் பொருட்களில் இதற்கு இணை இல்லை. அப்படிப் போட்டதில் பெரும்பாலானவை நல்ல பெடல்கள் என்பதுதான் என் வருத்தம்.

"பெடல்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே?"

இல்லை. மேடையில் மூன்று வகை பெடல்கள் புழங்குகின்றன. சஸ்டெயின் பெடல் வெறும் சுவிட்ச். மிதித்தால் ஒன்று, விட்டால் ஒன்று. வால்யூம் பெடலுக்குள் கிடாரின் சத்தமே நுழைந்து வெளியே வரும். எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் சத்தம் போவதே இல்லை. உள்ளே இருப்பது ஒரு பாட், அதாவது பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே இனம். கீபோர்டு சிறிய மின்னழுத்தம் ஒன்றை அனுப்புகிறது. கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப அதில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. கீபோர்டு அதை 0 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் படித்துக்கொள்கிறது. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது கீபோர்டுதான்.

இது ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெடலை மாற்றினால் சத்தத்தின் தரம் கூடும் என்று விலை உயர்ந்ததைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. கூடுதல் விலைக்குக் கிடைப்பது கனமான இரும்பு உடம்பு, கால் நிறுத்திய இடத்தில் நிற்கும் இறுக்கம், நீண்ட ஆயுள். வாராவாரம் வேனில் ஏறி இறங்கும் குழுவுக்கு அது தேவைதான். வீட்டில் பழகுகிறவருக்கு எளிய பிளாஸ்டிக் பெடலே தாராளம்.

"பின் உள்ளே போனாப் போதும்"

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பி-38 என்று சொல்லும் பெரிய பின்னில் மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு உண்டு. எக்ஸ்பிரஷன் பெடலுக்குப் பொதுவாக வேண்டியது மூன்று தொடர்புகள் கொண்ட ஸ்டீரியோ பின்: நுனி, நடுவளையம், அடிப்பகுதி. கிடார் கேபிள் மோனோ. அதைச் செருகினால் நடுவளையமும் அடிப்பகுதியும் ஒன்றாகிவிடும், பெடல் பேசாது. லைன் 6 போன்று இரண்டே தொடர்பில் வேலை செய்யும் சில கருவிகள் விதிவிலக்கு.

ஸ்டீரியோ பின்னாகவே இருந்தாலும் அடுத்த சிக்கல் ஒன்று இருக்கிறது. ரோலண்ட், பாஸ் கருவிகளில் பாட்-இன் நகரும் முனை பின்னின் நுனியில் வரும், மின்னழுத்தம் நடுவளையத்தில். யமஹாவிலும் கோர்கிலும் இது இடம் மாறியிருக்கும். ரோலண்ட் கீபோர்டில் யமஹா பெடலைச் செருகினால் என்ன ஆகும்? தலைகீழாக வேலை செய்யும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. காலை நகர்த்தும் தூரத்தில் பெரும்பகுதிக்குச் சத்தம் முழுசாகவே நிற்கும். குதிகால் பக்கம் கடைசிக் கொஞ்சத்தில் மட்டும் சட்டென்று விழும். "பெடல் சுவிட்ச் மாதிரி வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பொருத்தமின்மையைத்தான்.

இதற்காகப் புதுப் பெடல் வாங்க வேண்டாம். எம்-ஆடியோ ஈஎக்ஸ்-பி போன்ற பெடல்களின் அடியில் இதை மாற்றவே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது இல்லாவிட்டால், ஒரு முனையில் ஸ்டீரியோ சாக்கெட், மறுமுனையில் ஸ்டீரியோ பின் வைத்து, நுனியையும் நடுவளையத்தையும் இடம் மாற்றிப் பற்றவைத்த சாண் நீள கேபிள் போதும். மைக் வயர் பற்றவைக்கத் தெரிந்த எவரும் செய்து தருவார். பெடலின் சொந்த வயரை வெட்டாதீர்கள். நாளைக்கு வேறு கீபோர்டில் செருக வேண்டியிருக்கும்.

பெட்டியும் கையேடும் இல்லாமல் பழைய பெடல் கைக்கு வந்தால் மல்டிமீட்டரே பதில் சொல்லும். ஓம் அளவில் வைத்து, பின்னின் அடிப்பகுதிக்கும் நடுவளையத்துக்கும் இடையே பாருங்கள். காலை எப்படி நகர்த்தினாலும் அளவு மாறாமல் நின்று, அடிப்பகுதிக்கும் நுனிக்கும் இடையே மட்டும் ஏறி இறங்கினால் அது ரோலண்ட் முறை. நடுவளையத்தில் ஏறி இறங்கினால் யமஹா முறை. மாறாத அந்த அளவே பாட்-இன் மதிப்பு. ரோலண்ட் ஈவி-5 பெடலில் அது 10 கிலோ ஓம், யமஹா எஃப்சி7-இல் 50 கிலோ ஓம். எண் பெரிதாக இருப்பது உயர்வும் இல்லை, சிறிதாக இருப்பது குறையும் இல்லை. உங்கள் கருவியின் கையேடு கேட்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பெடலை முழுசா இறக்கியும் சத்தம் நிக்கலை, பழுது"

ஈவி-5 போன்றவற்றின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. குதிகாலை முழுதாக அழுத்தினாலும் சத்தம் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று குறிக்கும் திருகு அது. பையில் உரசித் தானாகத் திரும்பியிருக்கும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். சொல்லப்போனால் மேடையில் அதைப் பூஜ்யத்தில் வைக்காமல் கொஞ்சம் ஏற்றி வைப்பதே நல்லது. பாட்டின் நடுவில் கால் தவறினால் வயலின் பகுதி மெலிந்துபோகும், மறைந்துபோகாது.

சஸ்டெயின் பெடலிலும் இதுபோல ஒரு தப்பெண்ணம் உண்டு. பல கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில்தான் பெடலின் போக்கைக் கண்டுபிடிக்கின்றன. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் பெடலில் கால் இருந்தபடியே கீபோர்டு உயிர்பெற்றால் எல்லாம் தலைகீழாகிவிடும். காலை எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

"வால்யூமும் எக்ஸ்பிரஷனும் ஒரே வேலைதான்"

மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் வால்யூமுக்கு 7, எக்ஸ்பிரஷனுக்கு 11 என்று தனித்தனிக் கட்டுப்பாட்டு எண்கள். 7 என்பது ஒத்திகையில் முடிவு செய்யும் சமநிலை: குழலுக்கு இவ்வளவு, ஸ்ட்ரிங்ஸுக்கு இவ்வளவு. 11 அந்த எல்லைக்குள் மட்டும் ஏறி இறங்கும். பெடலை 7-க்கு ஒதுக்கினால், முதல் பாட்டு முடியும்போது நீங்கள் உட்கார்ந்து சரிசெய்த சமநிலை கால்பட்டுக் கலைந்திருக்கும். 11-க்கு ஒதுக்குங்கள். பல அரேஞ்சர் கீபோர்டுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பெடல் எந்தெந்தப் பகுதியைக் கட்டுப்படுத்துகிறது என்று மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தொடாமல் விட்டால் சில கருவிகளில் வலக்கையோடு தாளமும் சேர்ந்து இறங்கிவிடும்.

"அதெல்லாம் கிடார்காரங்களுக்கு, நம்ம பாட்டுக்கு எதுக்கு?"

எனக்கு மிகவும் உடன்பாடில்லாத பேச்சு இது. காலால் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாடு மின்சாரத்துக்கே முந்தியது. லண்டன் செயின்ட் மேக்னஸ் ஆலயத்து ஆர்கனில் ஆபிரகாம் ஜோர்டன் 1712-இல் குழாய்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதன் கதவைக் காலால் திறந்து மூடும்படி செய்தார். கிடாரின் வா-வா பெடலும் 1966-இல் வாக்ஸ் ஆர்கனுக்கான வால்யூம் பெடலின் கூட்டுக்குள்தான் உருவானது. நம் நாடக மேடையில் கால் ஹார்மோனியம் வாசித்தவர்களும் காற்றை மிதிக்கும் வேகத்தால்தான் பாட்டுக்கு ஏற்ற இறக்கம் கொடுத்தார்கள்.

கீபோர்டில் நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவரின் வலக்கை சுரத்தில், இடக்கை கமகத்துக்காக பிட்ச் பெண்ட் சக்கரத்தில். ஒரு சுரத்தை மெல்ல எடுத்து, நிறுத்தி, ஏற்ற மூன்றாவது கை கிடையாது. மூச்சின் வேலையைக் கால்தான் செய்தாக வேண்டும். அந்த ஏற்றம் இல்லாத ஷெனாய் ஒலி வாகன ஹார்ன் போல ஒரே மட்டத்தில் நிற்பதை நாம் நிறையக் கேட்டாகிவிட்டது. பியானோ, வீணை போலத் தட்டியதும் மீட்டியதும் தானே தேயும் ஒலிகளுக்கு மட்டும் காலை அசைக்காமல் இருங்கள். தேயும் ஒலியைப் பெடலால் தூக்கினால் செயற்கையாகக் கேட்கும்.

"கரகரன்னா எண்ணெய் விடு"

வேண்டாம். சத்தம் உள்ளே போகாததால் எக்ஸ்பிரஷன் பெடலின் பாட் தேய்ந்தால் பெரும்பாலும் கரகரக்காது. ஒலி படிப்படியாகத் தாவும், அல்லது காலை அசைக்காமலே நடுங்கும். திருவிழா மைதானத்துப் புழுதிதான் பெரும்பாலும் காரணம். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து முழுத் தூரமும் பலமுறை நகர்த்துங்கள். தேங்காய் எண்ணெயும் மெஷின் ஆயிலும் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் சரியாகாவிட்டால் பாட்-ஐயே மாற்றலாம். மேலே பி10கே என்பதுபோல பி என்று தொடங்கும் லீனியர் வகையாக, பழையதன் மதிப்பிலேயே கேளுங்கள். ஏ என்று தொடங்குவது ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கானது, அதைப் போட்டால் ஏற்றம் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். தண்டின் நீளத்தையும் பல் அமைப்பையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று: மேடையில் விரிப்பது பெரும்பாலும் பவானி ஜமக்காளம். அதன்மேல் பெடல் வழுக்கும். ஒரு ரப்பர் மேட்டை அடியில் போட்டு, கேபிளைப் பெடலிலிருந்து ஒரு முழம் தள்ளி டேப்பால் ஒட்டிவிடுங்கள். யார் கால் தடுக்கினாலும் இழுப்பு பின்னுக்குப் போகாது.