பூச்சுக்கு அடியிலுள்ள தகடு

கும்பகோணம்

மருமகனுக்கு,

மேற்குத் தாம்பரத்தில் நீ பட்டறை திறந்து ஆறு மாதம் ஆவதற்குள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று உன் கைக்கு வந்திருப்பதையும், பொங்கலுக்குள் அதை முடித்துத் தரும்படி உடைமையாளர் கேட்பதையும், துருப்பிடித்த இடங்களைப் பட்டி வைத்து அடைத்துவிடலாமா என்று நீ யோசிப்பதையும் உன் கடிதத்தில் கண்டு, ஐம்பது வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி உனக்கு அந்நியமானதன்று. உன் பட்டறையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தெற்கே போனால் வரும் வண்டலூரில், 1961 முதல் அதைச் செய்து அனுப்பினார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். இங்கிலாந்தில் 1959-இல் அது வெளிவந்தபோது, மேலுடல் செய்து தந்துகொண்டிருந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் வசமாகிவிட்டபடியால், முழுக்கூட்டையும் ஒன்றாக அச்சடிக்க வழியின்றி, சேஸிஸைத் தனியாகவும் மேலுடலைப் பல துண்டுகளாகவும் செய்து போல்ட் போட்டு இணைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். அவர்களுடைய நிர்ப்பந்தம் நமக்குப் பாக்கியமாயிற்று. கெட்ட துண்டை மட்டும் கழற்றிச் செப்பனிடலாம். ஆனால் உன்னிடம் வந்திருப்பது நான்கு கதவு வண்டி. அது இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டதாகையால், பின்கதவுத் தகட்டை வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது. நீயேதான் அடித்து உருவாக்க வேண்டும்.

கதவின் இடைவெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் நெருங்கியும் இருந்தால் உடனே சுத்தியலை எடுக்காதே. முதலில் சேஸிஸை அளந்து பார். பிறகு மேலுடல் உட்காரும் இடங்களிலுள்ள வாஷர்களைக் கவனி. பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

நசுங்கிய தகட்டை, அது நசுங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மீட்க வேண்டும். முதலில் விழுந்த குழி கடைசியில் எழ வேண்டும், கடைசியில் உண்டான விளிம்பு மேடு முதலில் இறங்க வேண்டும். பள்ளத்தின் அடியில் டாலி இரும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள மேட்டை மெல்லத் தட்டினாயானால், மேடு தாழத் தாழப் பள்ளம் தானே எழும்பி வரும். அவசரப்பட்டு டாலிக்கு நேர்மேலேயே அடித்துக்கொண்டு போனால், தகடு மெலிந்து விரிந்து, விரல் பட்டால் எண்ணெய் டின்னின் அடிப்பாகம் போல் டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். சிறு நாணயமளவு இடத்தைக் கேஸ் வெல்டிங் சுடரால் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி அடக்கி, ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்குவதே அதற்குப் பரிகாரம். வேலை நடக்கும்போது கண்ணைக் காட்டிலும் உள்ளங்கையை நம்பு. மெல்லிய துணியை இடையில் வைத்து நீளவாக்கில் தடவினால், கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்குத் தப்பாது.

பின்கதவுக்கு நீ அடிக்கப்போகும் புதுத் தகட்டுக்கு 20 கேஜ் போதும். இங்கே வந்து குடியேறிய பிறகு கன்னார் பட்டறையின் ஓசையை நாள்தோறும் கேட்கிறேன். அவர்கள் பித்தளையைக் குடமாக்குவதும் நாம் இரும்பைக் கதவாக்குவதும் ஒரே வித்தையென்பதை இந்த வயதில்தான் உணர்கிறேன். நடுவில் அடித்தால் தகடு விரிகிறது. ஓரத்தை மடித்து ஒடுக்கினால் சுருங்குகிறது. எந்த வளைவும் இவ்விரண்டுக்குள் அடங்கும். மணல் மூட்டையும் மரச்சுத்தியலும் காகித மாதிரியும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

இனி, பட்டி விஷயம். என் இளமையில் ஒரு காரின் கீழ்ப்பக்கத் துருவின்மேல் விரற்கடை கனத்துக்குப் பட்டி அப்பி, மினுமினுக்கப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்தது, பூச்செல்லாம் கொப்புளித்தது. உடைமையாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே அந்தப் பட்டியை உளியால் பெயர்த்தெடுத்து, கூலி வாங்காமல் புதுத் தகடு வைத்துக் கொடுத்தேன். பட்டி ஈரத்தை உறிஞ்சித் தன் அடியிலேயே வைத்துக்கொள்ளும். அடித்த தடங்களை நிரப்பக் காகிதக் கனத்துக்கு மேல் அது வேண்டியதில்லை.

மேலும் உன்னிடமுள்ள ஹெரால்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் மூழ்கி நின்றதென்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் வெளியே தெரியும் துருவைக் காட்டிலும், மூடிய பாகங்களுக்குள் வண்டல் தங்கி உள்ளிருந்தே அரிப்பதுதான் பெரிதாக இருக்கும். கதவுகளுக்குக் கீழேயுள்ள நீளத் தகடுகளைக் கழற்றி, உள்பக்கத்தைச் சுரண்டி, இருபுறமும் ரெட் ஆக்ஸைடு பூசு. நீர் வடியும் துவாரங்களை மறந்தும் அடைத்துவிடாதே. உடைமையாளரை ஒருநாள் வரவழைத்து, துருவைத் தொட்டுப் பார்க்கச் சொல். பிறகும் அவர் பொங்கலென்றே பிடிவாதம் பிடித்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. வாடகைக்குக் கஷ்டமென்றால் நான் அனுப்புகிறேன்.

கதவுக் கைப்பிடிகளைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பார். தண்டவாளத் துண்டைத் தேய்த்து நான் செய்துகொண்ட டாலியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு முனை தட்டை, மறுமுனை வளைவு. மாதக் கடைசியில் வருகிறேன். அதுவரை பெயிண்ட் அடிக்க வேண்டாம். வெறும் தகட்டை நான் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா