பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்

காலையில் காரின் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நம்மில் பலர் செய்யும் தவறு இது. எவ்வளவு பழைய காராக இருந்தாலும் உள்ளே பெட்ரோல் வாடை வரக்கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, மூடிய ஷெட்டில் தேங்கி நிற்கும். சுவிட்சில் எழும் சிறு பொறிகூட அதைப் பற்றவைத்துவிடும்.

எங்கே கசியும்?

பெரும்பாலும் ரப்பர் ஹோஸில்தான். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து வெடிக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் பல அதைத் தாங்காது. துருப்பிடித்த கிளாம்ப், பில்டர் இணைப்பு, டேங்கின் அடிப்பாகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். டேங்கை நிரப்பியபின் மட்டும் வாடை வந்தால், பெட்ரோல் ஊற்றும் குழாயிலோ டேங்கின் மேல்பக்கத்திலோ கோளாறு இருக்கலாம்.

எப்படிப் பார்ப்பது?

எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் சொட்டும் இடம் தெரியும். ஏசி தண்ணீருக்கு வாடை இல்லை, ஆயில் பிசுபிசுக்கும், பெட்ரோல் சீக்கிரம் உலர்ந்துவிடும், வாடை மட்டும் நிற்கும்.

எப்படிச் சரிசெய்வது?

சோப்பு வைத்து அடைப்பதும் டேப் சுற்றுவதும் பழுதுபார்ப்பு ஆகாது. தண்ணீர் ஹோஸும் உதவாது. பெட்ரோலுக்கென்றே உள்ள ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் அதிகம். அதற்கேற்ற ஹோஸும் கிளாம்பும் வேண்டும். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றிவிடுங்கள். இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஓட்டை விழுந்த டேங்கை அப்படியே வெல்டிங் செய்யச் சம்மதிக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவியும் வெடிக்கும்.

வழியில் வாடை வந்தால்?

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

ஹோஸ் மாற்ற ஆகும் செலவும், அன்று கல்யாணத்துக்குத் தாமதமாவதும் பெரிய நஷ்டமல்ல. இந்த வாரமே ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்துவிடுவோம்.