அலகும் எண்ணும் பிரியாமல்



ஓர் அளவு என்பது எண்ணும் அலகும் சேர்ந்தது. 25 கிராம் என்று எழுதினால், ஒரு கிராமை 25-ஆல் பெருக்கியதாகப் பொருள். ஆகவே இயற்கணிதத்தில் வரும் எழுத்தைப் போலவே அலகையும் பெருக்கலாம், வகுக்கலாம்; தொகுதியிலும் பகுதியிலும் ஒரே அலகு நின்றால் அடித்துவிடலாம். எண்களை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட்டு, கடைசி வரியில் அலகைச் சேர்ப்பது மாணவர்களிடையே பரவலான வழக்கம். அது கைவிட வேண்டிய வழக்கம். அப்படிச் சேர்க்கப்படும் அலகு கணக்கிலிருந்து வந்ததன்று, ஊகத்திலிருந்து வந்தது. முதல் வரியிலிருந்தே எண்ணோடு கூட வரும் அலகுதான் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அலகுகள் ஏழு. அவற்றுள் மீட்டர், கிலோகிராம், வினாடி, கெல்வின், மோல் ஆகிய ஐந்தும் வேதியியலின் முதல் பாடங்களிலேயே வந்துவிடும். மோல் 1971-இல் இந்த வரிசையில் சேர்ந்தது. 12 கிராம் கார்பன்-12 ஐசோடோப்பில் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்பது அப்போதைய வரையறை. பாரிஸ் அருகே செவ்ரில் 1889 முதல் காக்கப்பட்டுவரும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராமுக்கு இலக்கணமாக இருந்தது. 2019 மே 20 முதல் இரண்டு வரையறைகளும் மாறின. கிலோகிராம் பிளாங்க் மாறிலியைச் சார்ந்தது. மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணாலேயே வரையறுக்கப்பட்டது. இதனால் வகுப்பறைக் கணக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் மோல் ஓர் எடை அன்று, எண்ணிக்கை சார்ந்த அலகு என்பது வரையறையிலேயே வெளிப்படையாகிவிட்டது.

அலகு மாற்றத்தின் முறை எளிது. 1 லிட்டரும் 1000 மில்லிலிட்டரும் ஒரே அளவு. எனவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது 1. எந்த அளவையும் 1-ஆல் பெருக்கினால் அது மாறாது, தோற்றம் மட்டுமே மாறும். இந்த விகிதத்துக்கு மாற்றுக் காரணி என்று பெயர். நீக்க வேண்டிய அலகு பகுதியிலும், வேண்டிய அலகு தொகுதியிலும் வருமாறு அதை எழுத வேண்டும். பெருக்குவதா வகுப்பதா என்ற கேள்வியே பிறகு எழாது.

ஒரு சவரன் நகையில் எத்தனை தங்க அணுக்கள்? சவரன் 8 கிராம். 22 கேரட் நகையில் 24 பங்குக்கு 22 பங்குதான் தங்கம், ஆக, 7.33 கிராம். தங்கத்தின் மோலார் நிறை ஒரு மோலுக்கு 197 கிராம். 7.33 கிராமை அதனால் வகுத்தால் கிராம் அடிபட்டு 0.0372 மோல் மிஞ்சும். மோலுக்கு 6.022 × 10²³ அணுக்கள் என்ற காரணியால் பெருக்கினால் மோல் அடிபட்டு 2.24 × 10²² அணுக்கள் என்று விடை நிற்கும். சவரனிலிருந்து அணு வரை நான்கே படிகள். ஒவ்வொரு படியிலும் ஓர் அலகு போய் இன்னொன்று வருகிறது.

கன அளவில் கவனம் கூடுதலாக வேண்டும். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர். ஆனால் 1 கன மீட்டர் 10,00,000 கன சென்டிமீட்டர். காரணியையும் மூன்று முறை பெருக்க வேண்டும் என்பதை மறப்பதால் விடை பத்தாயிரம் மடங்கு பிசகும். லிட்டர் என்பது ஒரு கன டெசிமீட்டர். எனவே ஒரு மில்லிலிட்டர் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சரியாகச் சமம்.

கன அளவையும் நிறையையும் இணைப்பது அடர்த்தி. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் எடையில் ஒன்றாகா என்பது படியால் அளந்த நாட்டில் எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் அடர்த்தியின் அலகைப் பார்க்காமல் விட்டதால் 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. வேதியியல் பயிலும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

ஏர் கனடாவின் அந்த விமானம் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. தொட்டியில் அளவுகோலை விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. அதை 1.77-ஆல் பெருக்கி 13,597 கிலோகிராம் என்று கொண்டனர். மீதித் தேவையை மறுபடி 1.77-ஆல் வகுத்து, ஏறத்தாழ 4,900 லிட்டர் நிரப்பினர். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டரின் நிறை பவுண்டில். கிலோகிராமில் அது 0.803. லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற அலகோடு 7,682 லிட்டரைப் பெருக்கியிருந்தால் லிட்டர் அடிபட்டு 13,597 பவுண்டு என்றே விடை வந்து நின்றிருக்கும். உண்மையில் இருந்தது சுமார் 6,170 கிலோகிராம். நிரப்ப வேண்டியிருந்தது 20,000 லிட்டருக்கும் சற்று மேல். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள்; மாற்றியது அதே 1.77-ஆல்தான். தவறான காரணியோடு எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை வெளிப்படாது. இரு எஞ்சின்களும் நின்றுபோன விமானத்தைத் தலைமை விமானி பாப் பியர்சன் மனிடோபா மாகாணத்தின் கிம்லியில், பழைய விமானப்படைத் தளத்தில், காற்றில் மிதக்கவிட்டே இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

வெப்பநிலை மாற்றம் இந்தப் பெருக்கல் முறைக்கு அடங்காது; செல்சியஸோடு 273.15-ஐக் கூட்டினால்தான் கெல்வின் கிடைக்கும். வாயுக் கணக்குகளில் இதை விட்டுவிட்டால் விடை முற்றிலும் கெடும். 27 பாகையிலுள்ள 2 லிட்டர் வாயுவை, அழுத்தம் மாறாமல், 54 பாகைக்குச் சூடாக்கினால் அது 4 லிட்டர் ஆகிவிடாது. கெல்வினில் 300.15 என்பது 327.15 ஆகிறது, கன அளவு 2.18 லிட்டர். வாயு மாறிலிக்கும் அலகுதான் மதிப்பைத் தீர்மானிக்கிறது: ஜூலில் 8.314, லிட்டர்-வளிமண்டலத்தில் 0.0821. ஒரு மோல் வாயுவின் கன அளவு ஒரு நூலில் 22.4 லிட்டர் என்றும் மற்றொன்றில் 22.7 லிட்டர் என்றும் இருந்தால் இரண்டும் சரியே. முன்னது 0 பாகையில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு, பின்னது ஒரு பார் அழுத்தத்துக்கு.

ஆய்வகத்தில் இவை அனைத்தும் ஒன்றுகூடும் இடம் அடர் அமிலத்தை நீர்த்தல். கந்தக அமிலப் புட்டியின் சீட்டில் நிறைப்படி 98 சதவீதம், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.84 கிராம் என்று இருக்கும். ஒரு லிட்டர் 1,840 கிராம் கரைசல். அதில் அமிலம் மட்டும் 1,803 கிராம். மோலார் நிறை, ஒரு மோலுக்கு 98 கிராமால் வகுத்தால் 18.4 மோல். இங்கே 98 இருமுறை வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. முன்னது 100 கிராம் கரைசலிலுள்ள அமிலத்தின் கிராம், பின்னது ஒரு மோல் அமிலத்தின் கிராம். எண்ணை மட்டும் பார்த்தால் குழம்பும். அலகோடு எழுதினால் குழப்பத்துக்கு வழியில்லை.

லிட்டருக்கு 1 மோல் செறிவில் 250 மில்லிலிட்டர் தேவையென்றால், வேண்டிய அமிலம் 0.25 மோல். 18.4-ஆல் வகுக்க 0.0136 லிட்டர், அதாவது 13.6 மில்லிலிட்டர். அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் எழும் வெப்பத்தில் கொதித்துத் தெறிக்கும். ஆறிய பிறகே குடுவையின் குறி வரை நீர் நிரப்ப வேண்டும்.

ஒரு லிட்டருக்கு 1000 மில்லிலிட்டர் என்பது வரையறை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் 98 சதவீதம் என்பது அளந்து சொன்னது. அதற்கு முக்கிய எண்ணுருக்கள் இரண்டே. ஆகவே 13.6-இன் கடைசி இலக்கத்தை நம்ப முடியாது; கரைசலின் செறிவும் ஏறத்தாழ 1 என்றே கொள்ளத்தக்கது. துல்லியமான மதிப்பு வேண்டுமானால், உலர்த்தி எடையிட்ட சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம்பார்த்து, கிடைக்கும் எண்ணையும் அலகையும் தேதியோடு புட்டியின் மேல் எழுதிவைக்க வேண்டும்.