கை கிளட்ச் இல்லாத வண்டி கரை ஏறுமா?

கேள்வி: நாங்கள் திருவையாறு பக்கம். மூன்று ஏக்கர் நெல். ஒரே ஒரு வண்டிதான் வாங்க வசதி. வீட்டுக்காரர் அதில் உரமூட்டை, விதைநெல் ஏற்றுவார். நான் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போக வேண்டும். எனக்கு விரல் மூட்டுகளில் வலி. கிளட்ச் பிடித்து ஓட்டினால் ராத்திரி தூக்கமில்லை. கியர் வண்டி இல்லாவிட்டால் மூட்டையோடு கரை ஏறாது என்கிறார் அவர். மகன் ஸ்கூட்டர் என்கிறான். கை கிளட்ச் இல்லாமல் கியர் மட்டும் இருக்கிற பைக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, திருவையாறு வட்டம்

பதில்: இருந்தது. 2009-ல் நம் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியே ‘ஜைவ்’ என்று 110 சி.சி. பைக் ஒன்றை விட்டுப் பார்த்தது. காலால் கியர் மாற்றலாம், கையில் கிளட்ச் கிடையாது. ஹோண்டாவின் சூப்பர் கப் 1958-லிருந்து உலகமெங்கும் ஓடுவது இந்த ஏற்பாட்டில்தான். இங்கே ஏனோ எடுபடவில்லை, நிறுத்திவிட்டார்கள். பழைய ஜைவ் மலிவாக வந்தாலும் வேண்டாம். பார்ட்ஸுக்கு அலைய வைக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதும் இழுவை குறையாமல் இருக்கத்தான் கியர். ஏற்காடு, கொடைக்கானல் என்றால் நானும் அவர் கட்சி. ஆனால் நம் ஊரில் மேடு ஏது? தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து பாலம் தாண்டி வீட்டுக்கு வருகிறீர்கள். அதில் எதுவும் வண்டிக்குச் சோதனை இல்லை. சோதனை, வயலிலிருந்து கரைக்கு ஏறுகிற அந்தப் பத்தடி மண்சரிவில்தான்.

அதற்குக் கியரே இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போதும். பால்காரர் வண்டி என்று மகன் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு அது. 99.7 சி.சி., எடை 90 கிலோவுக்குள். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. 16 அங்குலச் சக்கரம் என்பதால் வரப்போரக் குண்டு குழியில் ஸ்கூட்டர் போல இறங்கி மாட்டிக்கொள்ளாது. சுமை 130 கிலோ வரை என்பது கணக்கு. ஓட்டுகிறவரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். அவர் 70 கிலோ என்றால் ஒரு மூட்டைதான், இரண்டு அல்ல.

அதில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஸ்பிரிங்கை மீறி ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்வும். வேகம் தணிந்தால் தானே விட்டுவிடும். உங்கள் விரலுக்கு வேலையே இல்லை. கெடுவது பாதி கவ்விய நிலையில்தான். சரிவின் நடுவில் நின்று, பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் ஷூ வழுக்கிச் சூடேறித் தேயும். அதனால் கீழே சமதரையிலேயே வேகம் எடுத்து ஒரே மூச்சில் ஏறச் சொல்லுங்கள். நடுவில் நின்றுவிட்டால் மூட்டையை இறக்கிவிட்டு ஏற்றுவதுதான் வழி. கியர் வண்டிக்காரர் முதல் கியரில் ஊர்ந்து ஏறுவார். இதில் அது நடக்காது. அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி.

ஸ்கூட்டரிலும் கிளட்ச் இதே வகைதான், ஆனால் அது பெல்ட்டோடு சேர்ந்து பின்சக்கரத்துப் பக்கம் ஒரு பெட்டிக்குள் எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது. பெல்ட் சூடாகாமலிருக்க அந்தப் பெட்டிக்குள் காற்று போகிற வழி உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் பொங்கி ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அதே வழியாகத் தண்ணீரும் போகும். பெல்ட் வழுக்கும், இன்ஜின் உறுமும், வண்டி நகராது. எக்ஸ்.எல். கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த ஆயிலைத்தான் ஷூவும் நம்பியிருக்கிறது. கம்பெனி சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள், காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்.

தஞ்சாவூர் ரோட்டில் பஸ் முந்தும்போது ஸ்கூட்டர் தருகிற பிக்கப் இதில் வராது. ஓரமாகப் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போவது மட்டும்தான் என்றால் மகன் பக்கம் பேசியிருப்பேன். மூட்டையும் சேறும் கூட இருப்பதால் பேசவில்லை.

கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸே உங்களுக்குப் போதும், எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள். அவரிடம் கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் இதற்கும் அதுவே செல்லும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால், பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்துக் கரை ஏற்றிப் பாருங்கள். சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் ஷூ தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்தியிருக்கும்போதே வண்டி முன்னால் நகர்ந்தால், ஐடிலிங்கைக் குறைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.