எனக்கு ஏசாயா 34:16 வேண்டாம்

கல்யாணமாகாத கிறிஸ்தவப் பெண்ணுக்கு நம் சபைகளில் தவறாமல் கிடைக்கும் வசனம் ஒன்று உண்டு. ஏசாயா 34:16. எதுவும் ஜோடியில்லாமல் இருக்காது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறாரே, அது. எனக்கு அது புதுவருட நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக வந்தது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் காதோடு காதாக வந்தது. கன்வென்ஷனுக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் தலையில் கைவைத்து, இந்த வருஷமே நிறைவேறும் என்று தேதி குறிக்காத குறையாகச் சொன்னார். தந்தவர்களில் ஒருவர்கூட அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்ததில்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன். அது ஏதோம் தேசம் பாழாய்ப் போவதைப் பற்றிய அதிகாரம். மனுஷர் ஒழிந்த அரண்மனைகளில் முள் முளைக்கும், ஆந்தையும் வல்லூறும் வந்து குடியேறும் என்று போகிறது. ஜோடி வாக்களிக்கப்பட்டது அந்தக் காட்டு ஜீவன்களுக்கு. நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர்.

இதைச் சொல்லிச் சிரிக்கும் வயது வந்துவிட்டது. ஓய்வு பெற்றாயிற்று, நிம்மதியாகவும் இருக்கிறேன். ஆனால் அந்த வசனம் எனக்கு வைத்த செலவை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வரன் அமையாத கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். எம்.எஸ்சி. படித்துவிட்டாள், நிறம் கம்மி, அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், எவ்வளவு போடுவார். ஒரு சம்பந்தம் கோயிலில் ஓலை வாசிக்கும் வரைக்கும் வந்தது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டார்கள். ஊரறிய வாசித்த பிறகு அப்பா மறுக்கமாட்டார் என்ற கணக்கு. அப்பா மறுத்தார். அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்து ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

என்னைக் கெடுத்தது அந்த முறிவு அல்ல. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைக் காத்திருக்க வைத்தார்களே, அதுதான். மகாராஜநகர்ப் பக்கம் மனை மலிவாகக் கிடைத்த காலம். சம்பளத்தில் பிடித்து ஒன்று வாங்கலாம் என்றேன். “கட்டிக்கொடுக்கப்போற பிள்ளைக்கு இங்க எதுக்கு மனை? வர்றவரு எந்த ஊரோ, என்னமோ” என்றார்கள். என் கல்யாணத்துக்கென்று போட்டிருந்த பணம், தேதி குதிரும்வரை சும்மா கிடப்பானேன் என்று, இப்போதைக்குத் தம்பியின் மாடிக்குப் போயிற்று. அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை. வேறு ஊரில் தலைமையாசிரியை வேலைக்கு அழைப்பு வந்தபோது, பெண் பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்றார்கள். வீட்டில் எனக்கென்று ஓர் அறைகூட இல்லை. போகப்போகிறவளுக்கு எதற்கு அறை? ஹாலில்தான் படுத்தேன், நாற்பது தாண்டியும்.

சீர்ப் பாத்திரங்கள் வாங்கிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தது. பெயர் வெட்டவில்லை. இனிஷியல் மாறும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அந்தப் பாத்திரங்களுக்குக் கீழே, நசுங்கிப்போன பழைய அலுமினியச் சட்டியில் நாங்கள் குழம்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் என் பங்கும் உண்டே என்று என் தோழி ஒருத்தி சொல்கிறாள். உண்டு என்று ஒப்புக்கொள்வதாக இல்லை. வேதத்தைக் காட்டி ஒருத்தியைக் காத்திருக்கச் சொன்னால், விசுவாசம் உள்ளவள் காத்திருக்கத்தான் செய்வாள்.

ஆகவே முதல் யோசனை, உங்களுக்கு முப்பது தாண்டியிருந்தால் இன்றைக்கே: மனை வாங்குங்கள், கட்டில் வாங்குங்கள், பிடித்த ஊருக்கு மாற்றல் கேளுங்கள். கல்யாணம் வருமானால், ஏற்கெனவே அடுப்பெரிகிற வீட்டுக்கு வரட்டும்.

நான் காத்திருப்பதை நிறுத்தியதற்குத் தரிசனம் ஒன்றும் காரணமில்லை. வாலிபர் கூட்டத்தில் 1 கொரிந்தியரிலிருந்து பாடம் எடுக்கச் சொன்னார்கள், ஏழாம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான். கல்யாண ஆராதனையில் ஆதியாகமம் 2:18 வராத பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. தனியாய் இருப்பது நல்லதல்ல என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பவுல், எல்லோரும் என்னைப்போல் இருந்தால் நலம் என்று எழுதியதை எத்தனை பேர் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்கள்? ஒன்பதாம் அதிகாரத்தில், பேதுரு முதலானவர்கள் மனைவியோடு பயணப்படுகிறார்கள், எனக்கும் அந்த உரிமை உண்டு என்கிறார். உரிமையிருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருந்திருக்கிறார். கல்யாணம் அமைய வேண்டுமென்று யாரும் அவர் தலையில் கைவைத்து ஜெபித்ததாகத் தெரியவில்லை. எரேமியாவைக் கர்த்தரே பெண் கொள்ள வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். நம் ஆண்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் அதே ஏசாயா. 34-இல் நின்றுவிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால் 56 வந்திருக்கும். அங்கே அண்ணகர்களைப் பார்த்து, பட்டமரம் என்று உன்னை நீயே சொல்லிக்கொள்ளாதே என்கிறார். குமாரர் குமாரத்திகளால் வருவதைவிட மேலான ஒரு பெயரைத் தம் ஆலயத்துக்குள்ளே தருவேன் என்கிறார். இத்தனை காலம் எனக்கு வசனம் தேடியவர்கள் கண்ணில் இது படவேயில்லை.

அந்த வாரமே பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், அப்பா இனிஷியலோடு என் பெயரை ஒவ்வொன்றிலும் வெட்டி வாங்கினேன். கடைக்காரர், எந்தப் பிள்ளைக்குச் சீர் டீச்சர் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

இனி அடுத்த பள்ளம். கல்யாண ஆசை காட்டியவர்கள் ஓய்ந்ததும், ஊழிய ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். “உங்களுக்கென்ன டீச்சர், பிள்ளையா குட்டியா, சும்மாதான இருப்பீய” என்றார் அப்போதிருந்த ஐயரம்மா. விடுமுறை வேதாகமப் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியக் கணக்கு, அசனத்துக்கு அரிசி வசூல் எல்லாம் என் தலையில். கேள்வி கேட்டால் டோனாவூரைக் காட்டுவார்கள். ஏமி கார்மைக்கேல் அம்மாளைப் பாருங்கள், 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-இல் இங்கேயே மரிக்கும்வரை ஒருமுறைகூடத் தன் ஊருக்குத் திரும்பவில்லை, எத்தனை பிள்ளைகளை வளர்த்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய சரித்திரத்தில் இவர்கள் சொல்லாத பகுதி எனக்கு அதிகம் உதவியது. ஜப்பானில் இருந்த இளவயதில் தனிமைக்குப் பயந்து, ஒரு மலைக்குகைக்குள் போய் அதை ஆண்டவரிடம் கொட்டியதாக அவரே பிற்காலத்தில் தன் பிள்ளை ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். 1916-இல் மணமாகாத பெண்களைச் சேர்த்து ஒரு சகோதரிகள் குழுவும் அமைத்தார். அவ்வளவு பெரிய விசுவாசிக்கும் பயமும் இருந்தது, கூட்டாளிகளும் வேண்டியிருந்தது.

நான் ஏமி அம்மாள் அல்ல. தனியாக இருப்பதற்கு அபராதமாக நான் யாருக்கும் உழைத்துக்கொட்ட வேண்டியதில்லை. கவலையில்லாமல் கர்த்தருக்குரியதைப் பார்க்கலாம் என்று பவுல் எழுதியது கமிட்டிக்காரர்களுக்குச் சம்பளமில்லாத ஆள் பிடித்துத் தருவதற்காக அல்ல. கணக்கு நோட்டையும் அரிசி வசூலையும் திருப்பிக் கொடுத்தேன். பாடகர் குழுவை விடவில்லை, பாடப் பிடிக்கும்.

பள்ளி நாளில் சமாளித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கொல்லும். ஆராதனை முடிந்து குடும்பம் குடும்பமாகப் போவார்கள், தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை வரும், நாம் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்க வேண்டும். இதற்கு ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் போய்ப் பாருங்கள். 1921-இல் ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் தொடங்கியது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் பெயர். இருவரும் மணமாகாமலே, ஆனால் ஒன்றாக வாழ்ந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று பொருளில்லை என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். இப்போது ஞாயிறு மதியம் என் வீட்டில் நர்ஸிங் படிக்கிற விடுதிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பக்கத்துத் தெரு விதவைப் பாட்டி சாப்பிடுகிறார். மதினிமார் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மூடியைத் திறந்து பாத்திரத்தில் பெயரைப் பார்ப்பார்கள்.

ஆசை செத்துவிட்டதா என்று வாலிபப் பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. மழை நாளில், காய்ச்சலில், தங்கை பேரனைத் தூக்கிக்கொண்டு வரும்போது குத்தும். பவுலே மனரம்மியத்தைக் கற்றுக்கொண்டதாகத்தான் பிலிப்பியருக்கு எழுதுகிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. குத்தும்போது நான் அதை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். சில நாள் சண்டையும் போட்டிருக்கிறேன்.

மற்றவை சில்லறை. மருத்துவக் காப்பீடு, வங்கியில் நாமினி, மருத்துவமனையில் கையெழுத்துப் போட நம்பிக்கையான ஓர் ஆள், சாவியின் ஒரு நகல் பக்கத்து வீட்டில். உயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உயில் இல்லாமல் போய்விட்டால், 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நம்மைப் போன்றவர்களின் சொத்து அப்பா இருந்தால் அவருக்கு; அவர் இல்லையென்றால் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சமமாக. உங்களுக்கும் ஒரு தம்பி இருப்பான், யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு உயிலில் எதுவும் எழுதாதீர்கள், அந்தப் பங்கு செல்லாது. அண்ணன் தம்பி பிள்ளைகள் இருந்தால் தர்மத்துக்கு எழுத முடியாது என்று யாராவது பயமுறுத்துவார்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஜான் வல்லமட்டம் என்ற பாதிரியார் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. என் வீடு யாருக்கு என்பது எழுதி முடிந்துவிட்டது. தம்பிக்கு மாடி போதும்.

ஓய்வு பெற்றபின் வரன்கள் மறுபடி வரும், அசந்துவிடாதீர்கள். மனைவியை இழந்தவர்கள். போன கிறிஸ்துமஸுக்குச் சித்தி ஒன்று கொண்டுவந்தார். “ஏட்டி, வயசான காலத்துல ஒருத்தருக்கொருத்தர் துணை வேணும்லா? அவருக்குச் சுகர் இருக்கு, பிள்ளைய எல்லாம் வெளிநாட்டுல, ஒருநேரம் கஞ்சி வைக்க நாதியில்ல.” கஞ்சிக்கும் ஊசிக்கும் மாதச் சம்பளத்துக்கு ஆள் அனுப்புகிற இடம் ஒன்று இருக்கிறது சித்தி, நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அவர் தெருவில் என்னைப்போல் ஓய்வு பெற்ற இன்னொரு டீச்சர் இருக்கிறார், அடுத்து அங்கேதான் போவார். அந்த டீச்சருக்கு நம்பரை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.