அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண்ணை விசாரியுங்கள்



சேமிப்புப் பணம், குழுவில் வாங்கிய உள்கடன், காதில் கழுத்தில் இருந்ததை அடகு வைத்த பணம் எல்லாவற்றையும் சேர்த்து அரை கிரவுண்டாவது வாங்கிவிட வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஆசை இருக்கிறது. நியாயமான ஆசைதான். ஆனால் திருவேற்காடு பக்கம் மனை தேடுகிறவர்கள் முதலில் கோலடியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோலடி ஏரி நிலத்தில் கட்டியிருந்த வீடுகளை 2024-ல் அதிகாரிகள் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். இன்னும் பல வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஜனங்கள் போராடினார்கள். பல வருஷமாகக் குடியிருக்கிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம் என்பதுதான் அவர்கள் பக்கத்துப் பேச்சு. அது பொய் இல்லை. ஆனால் வரி ரசீதும் கரண்ட் பில்லும் அந்த வீட்டில் நாம் இருக்கிறோம் என்றுதான் காட்டும். நிலம் நம்முடையது என்று காட்டாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஏரி நிலத்துக்கு இணைப்பு கொடுத்தவர்கள், வரி வாங்கியவர்கள், பிளாட் போட்டு விற்றவர்கள் யாரும் நஷ்டப்படுவதில்லை என்பது நமக்கும் கோபம்தான். ஆனாலும் கடைசியில் தெருவில் நிற்பது வாங்கியவர்தான்.

அதனால் விற்கிறவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த மண் என்ன மண் என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். "தெரிஞ்சவர்தாம்மா, நம்ம ஊர்க்காரர்தான்" என்ற வார்த்தையில் பாதிப் பணம் போய்விடுகிறது. ஆள் நல்லவராக இருக்கலாம், அவர் வாங்கிய மண் ஏரியாக இருக்கலாமே!

மண்ணின் ஜாதகம் 'அ' பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணும் பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா, களமா என்று அதில் எழுதியிருக்கும். முதலில் விற்பவரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் மேலே பேச வேண்டியதே இல்லை. எண் கிடைத்ததும் அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் பார்க்கலாம். அந்த எண் புறம்போக்கா என்று பார்க்கவும் அதிலேயே வசதி உண்டு. நகர நில அளவை முடிந்த பகுதியாக இருந்தால் டி.எஸ்.எல்.ஆர். என்ற நகர நில அளவைப் பதிவேட்டு நகல் வேண்டும். நமக்கு இணையம் பழக்கமில்லை என்றால் காலேஜ் படிக்கிற பிள்ளையை உட்கார வையுங்கள், அல்லது இ-சேவை மையத்துக்குப் போங்கள். பூவிருந்தவல்லி தாலுகா அலுவலகத்திலும் வி.ஏ.ஓ.விடமும் நேரில் கேட்கலாம். புரோக்கர் நீட்டுகிற ஜெராக்ஸ் போதாது. நாமே எடுக்க வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் சதுர அடி இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. அரை கிரவுண்டு 1,200 சதுர அடிக்குப் பட்டாவில் ஏறக்குறைய 1.11 ஏர் வர வேண்டும். குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. பக்கத்தில் வாய்க்காலோ கூவம் கரையோ இருந்தால் அளக்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

திருவேற்காட்டில் இன்னொரு விஷயம் உண்டு. கருமாரியம்மன் கோயிலும் வேதபுரீசுவரர் கோயிலும் இருக்கிற ஊர் இது. கோயில் இருக்கிற எந்த ஊரிலும் கோயில் பெயரில் நிலம் இருக்குமே என்ற எண்ணத்தோடுதான் விசாரிக்க வேண்டும். கோயில் நிலத்தையும் வக்பு நிலத்தையும் உரிய அனுமதி இல்லாமல் பதிவு செய்யக்கூடாது என்று பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு சொல்கிறது. அதே போல பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமி நிலம் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1892 உத்தரவின்படி வெள்ளைக்காரர் காலத்தில் ஒதுக்கியது. அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது.

மண் சரி என்று தெரிந்த பிறகு ஆளைப் பார்ப்போம். விற்பவருக்கு இந்த நிலம் எப்படி வந்தது? அவர் பத்திரம், அவருக்கு விற்றவர் பத்திரம் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதைத்தான் தாய்ப்பத்திரம் என்கிறோம். முப்பது வருஷமாவது பார்ப்பது வக்கீல்களின் வழக்கம். ஒரிஜினலைக் கேளுங்கள். ஒரிஜினல் இல்லை, ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்றால் அது எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம்.

வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். "வில்லங்கம் இல்லை" என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எந்த எண்ணைக் கொடுத்தோமோ அந்த எண்ணுக்குத்தான் அது பதில் சொல்லும். பழைய சர்வே எண்ணில் நடந்த விற்பனை, உட்பிரிவு ஆகும் முன் நடந்த விற்பனை இதெல்லாம் புது எண்ணைப் போட்டால் வராமல் போகலாம். பழைய எண், புது எண் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பதிவு செய்யாத கடன், வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் இருக்கும் கேஸ் எல்லாம் ஈ.சி.யில் வரும் என்று நினைக்காதீர்கள்.

பரம்பரைச் சொத்து என்றால் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பி மட்டும் வந்து நிற்பார்கள். "அக்கா தங்கச்சியெல்லாம் சீர் வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்பார்கள். அது சட்டம் இல்லை. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் அன்று வரை கல்யாணம் ஆகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டம் கல்யாணம் ஆன மகளுக்கும் கொடுத்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, தாய், மகன், மகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. நாம் வாங்குகிற இடத்தில் இன்னொரு பெண்ணின் பங்கு ஒளிந்திருக்கிறதா என்று பெண்களாகிய நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

பவர் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். பவர் பத்திரம் வைத்திருப்பதாலேயே யாரும் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே போல 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை குத்திய தாள் கிரயப் பத்திரம் ஆகாது. புறம்போக்கு இடம் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மனைப்பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண்ணைக் கேட்டு, வரைபடத்தில் நம் பிளாட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவுக்கு விட்ட இடத்தையும் விற்கிற சாமர்த்தியசாலிகள் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 20.10.2016-க்கு முன் பதிவானதா, 2017 விதிப்படி வரன்முறை செய்த உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவையும் நாம் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. எல்லா நகலையும் ஒரு ஃபைலில் போட்டு வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். விற்பவர் ஏற்பாடு செய்கிற வக்கீல் வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து எங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினால், "குழுக் கூட்டத்தில் பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: 1.4.2025 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலை விட்டுவிடாதீர்கள். பட்டா வந்தவுடன் உங்கள் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துத் தப்பாக இருந்தாலும் அப்போதே தாலுகா அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.